92 நாளில் 66 வெற்றி போதும்

(காலாண்டுக் கூட்டத்தின் பரிசளிப்பு நிகழ்ச்சியில் நம் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர், செயலாளர், பரிசு வாங்கக் காத்திருக்கும் வெற்றியாளர்கள், கைதட்ட வந்திருக்கும் மற்றவர்கள் எல்லோருக்கும் என் அன்பு. போண்டா ஆறுவதற்குள் முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். முயற்சி செய்கிறேன்.

ஜூலை முதல் நம் வளாகத்தில் நடைப் போட்டி நடந்தது. தினமும் இரவு அவரவர் காலடிக் கணக்கை வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். மூன்று மாதக் கூட்டுத்தொகை யாருக்கு அதிகமோ அவருக்கு முதல் பரிசு. வென்ற மூவரும் வெயிலிலும் விடாமல் நடந்தவர்கள். அவர்களுக்கு என் பாராட்டு.

நான் பேச வந்தது பட்டியலின் கீழ்ப்பாதியைப் பற்றி. முதல் வாரம் அந்தப் பட்டியலைப் படித்து முடிக்க விரலால் நாலு தடவை தள்ள வேண்டியிருந்தது. செப்டம்பரில் ஒரே திரையில் அடங்கிவிட்டது. விலகியவர்கள் யார் என்று பாருங்கள். மூட்டு வலிக்காரர்கள், இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், "சர்க்கரை ஏறியிருக்கு, நடங்க" என்று டாக்டர் சொன்னவர்கள். "எவ்வளவு நடந்தாலும் ஜிம்முக்குப் போற பசங்களுக்குக் கீழதான் சார் என் பேர் வருது. அப்புறம் எதுக்குப் போடணும்?" என்று ஓர் அம்மா லிஃப்டில் என்னிடம் கேட்டார். கணக்குப் போடுவதை நிறுத்தியவர், நடப்பதையும் நிறுத்திவிட்டார். நடை யாருக்கு அதிகம் தேவையோ அவர்கள்தான் முதலில் வெளியே போயிருக்கிறார்கள்.

அடுத்த காலாண்டுக்குப் போட்டியின் விதியை மாற்றலாம் என்று செயலாளரிடம் சொன்னேன். "எப்படி மாற்றுவது, ஏன் மாற்றுவது என்று கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்" என்றார். எனக்கு அந்த யோசனையைக் கொடுத்தது பேஸ்பால். அதனால் கொஞ்ச நேரம் அமெரிக்கா போய்விட்டு வருவோம்.

என் மகள் சியாட்டில் நகரத்தில் இருக்கிறாள். அங்கே போயிருந்தபோது பிடித்த பழக்கம் இது. சியாட்டில் மரினர்ஸ் அணியின் ஆட்டம் அங்கே மாலை 6.40க்குத் தொடங்கினால் நமக்கு மறுநாள் காலை 7.10. காதில் இயர்போன், அதில் வானொலி வர்ணனை, கால் நம் வளாகத்துச் சுற்றுப்பாதையில். வேகமாக நடந்துகொண்டே நான் திடீரென்று "ஐயோ" என்று கத்துவதைப் பார்த்துப் பயந்தவர்கள் இங்கே சிலர் உண்டு. அணி தோற்கும் சத்தம் அது. மரினர்ஸ் இன்றுவரை உலகத் தொடரின் இறுதிச் சுற்றை எட்டாத ஒரே பெரிய லீக் அணி. ஆகவே அந்தச் சத்தம் அடிக்கடி கேட்கும்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு பேஸ்பாலில் பழகாத விஷயம் அதன் சீசன். மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசிவரை ஓர் அணி 162 ஆட்டம் ஆடுகிறது. கிட்டத்தட்ட தினமும் ஆட்டம். நேற்றுத் தோற்றதற்கு இன்று உட்கார்ந்து அழ நேரம் கிடையாது, சாயங்காலம் அடுத்த ஆட்டம் வந்துவிடும். 2001ல் இதே மரினர்ஸ் 116 ஆட்டங்களில் வென்றது. ஒரு சீசனில் அதைவிட அதிகமாக எந்த அணியும் வென்றதில்லை. 1906ல் சிகாகோ கப்ஸ் எடுத்த 116தான் அதற்குச் சமம். அந்தச் சாதனை அணிகூட அந்த வருடம் 46 ஆட்டங்களில் தோற்றது. மறுபக்கம், 2024ல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் 121 ஆட்டங்களில் தோற்றது. நவீன காலத்தில் அவ்வளவு தோல்வி எந்த அணிக்கும் வந்ததில்லை. அந்த அணியும் 41 முறை வென்றது.

ஆகச் சிறந்த அணிக்கு 46 தோல்வி, ஆக மோசமான அணிக்கு 41 வெற்றி. தினமும் செய்ய வேண்டிய எந்தக் காரியத்துக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும். நம்மில் பலர் ஒருநாள் நடை தவறினால் "எல்லாம் போச்சு" என்று மறுநாளும் விட்டுவிடுகிறோம். பேஸ்பால் ரசிகனுக்கு அது ஒரே ஒரு தோல்வி. இன்னும் 161 ஆட்டம் பாக்கி.

இனி, எதை எண்ணுவது என்ற கேள்வி. பேஸ்பால் அளவுக்கு எண்ணுகிற விளையாட்டு குறைவு. அந்த எண்ணும் பழக்கத்துக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் ஹென்றி சாட்விக். இங்கிலாந்தில் பிறந்து நியூயார்க் பக்கம் வளர்ந்தவர், கிரிக்கெட் செய்தி எழுதிய பத்திரிகையாளர். கிரிக்கெட் ஸ்கோர் அட்டையைப் பார்த்துத்தான் பேஸ்பாலுக்கான அட்டவணையை அவர் 19ஆம் நூற்றாண்டில் வடிவமைத்தார். பல தலைமுறைகளாக அதை வைத்துத்தான் ஆட்டக்காரர்களை எடைபோட்டார்கள். பத்துக்கு மூன்று முறை சரியாக அடித்தால் நல்ல மட்டையாளர். ஏழு முறை தவறலாம்.

அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருந்தது. பந்து வீசுபவர் நாலு முறை எல்லைக்கு வெளியே வீசிவிட்டால், மட்டையாளர் அடிக்காமலேயே முதல் தளத்துக்குப் போகலாம். பொறுமையாக நின்று சம்பாதிக்கிற தளம் அது. ஆனால் மட்டை சராசரியில் அது சேராது. அதற்குப் பெயர் என்ன தெரியுமா? 'வாக்'. நடை! இப்படிக் கணக்கில் வராத விஷயங்களை எடுத்துப் பேசிய பில் ஜேம்ஸ் என்பவர், கான்சாஸ் மாநிலத்தில் ஒரு தொழிற்சாலையில் இரவுக் காவலாளியாக இருந்தவர். 1977ல் தன் ஆய்வைத் தானே அச்சிட்டு விற்றார். பல வருடம் கழித்து ஓக்லாந்து அணி, இந்த 'வாக்'கை அதிகம் வாங்குகிற, மற்றவர்கள் மதிக்காத ஆட்டக்காரர்களைக் குறைந்த சம்பளத்தில் சேர்த்தது. 2002ல் 103 ஆட்டங்களில் வென்றது. நம் கேட்டில் இரவு கண் விழிக்கும் அண்ணன்களைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

நம் கையில் கட்டியிருக்கும் வாட்சுக்கும் அதே ஓட்டை இருக்கிறது. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு நடந்தால் கை ஆடாது, பல காலடிகள் விட்டுப்போகும். படியேறுவதும் சமதரையில் நடப்பதும் அதற்கு ஒரே காலடிதான். மாடித் தோட்டத்துக்கு வாளியில் தண்ணீர் தூக்குவதன் பாரம் அதற்குத் தெரியாது. சிலர் கணக்கு வாட்சிலிருந்து, சிலர் கணக்கு சட்டைப்பையில் இருக்கும் போனிலிருந்து. இரண்டும் ஒரே மாதிரி எண்ணாது. இப்படி வந்த எண்களைக் கூட்டி நாம் ஒருவருக்கொருவர் ரேங்க் போட்டிருக்கிறோம்.

சரி, அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது? 1965ல் ஜப்பானில் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் ஒரு காலடி மானி விற்பனைக்கு வந்தது. அதன் பெயர் 'மான்போ-கெய்', அதாவது பத்தாயிரம் காலடி மீட்டர். முந்தின வருடம்தான் டோக்கியோவில் ஒலிம்பிக்ஸ் நடந்திருந்தது, உடற்பயிற்சி மேல் மக்களுக்கு ஆர்வம் இருந்தது. விற்பனைக்கு வைத்த பெயர் உலகத்துக்கே இலக்காகிவிட்டது. 2019ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் சராசரி வயது 72 உள்ள 16,741 பெண்களின் காலடிக் கணக்கை ஆராய்ந்து வெளியிட்டார்கள். நாளுக்கு 2,700 நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடையே இறப்பு கணிசமாகக் குறைவாக இருந்தது. சுமார் 7,500க்கு மேல் நடந்தவர்களிடம் கூடுதல் வித்தியாசம் தெரியவில்லை. லிஃப்டில் பேசிய அந்த அம்மா போட்டுவந்த எண்ணிக்கை ஐயாயிரம் சொச்சம். பட்டியலில் கடைசி. ஆனால் உடம்புக்கு நல்ல கணக்கு.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி. அரை மணி நேரமாகப் பிரித்தால் வாரத்தில் ஐந்து நாள். மிதமான வேகம் என்றால் என்ன? நடக்கும்போது பக்கத்தில் வருபவரிடம் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அவ்வளவுதான் சோதனை.

பாட்டு என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பேஸ்பால் மைதானத்தில் இசை இல்லாத ஆட்டம் கிடையாது. சிகாகோவின் ரிக்லி மைதானத்தில் 1941லேயே ஆர்கன் வாசித்தார்கள். இப்போது உள்ளூர் அணியின் ஒவ்வொரு மட்டையாளரும் களத்துக்கு வரும்போது அவரே தேர்ந்தெடுத்த பாட்டு ஒலிக்கும். ஏழாவது இன்னிங்ஸ் நடுவில் மைதானம் முழுக்க எழுந்து நின்று, கைகாலை நீட்டி, 1908ல் எழுதப்பட்ட ஒரு பாட்டைச் சேர்ந்து பாடும். மணிக்கணக்கில் உட்கார்ந்தவர்களை எழுப்பிவிட இதைவிட நல்ல ஏற்பாடு நான் பார்த்ததில்லை. சீரியல் பார்க்கும்போது விளம்பர இடைவேளையில் நாமும் செய்யலாம். செலவு கிடையாது.

நடைக்குப் பாட்டுத் தேர்ந்தெடுக்க ஒரு வழி உண்டு. பெரியவர்களுக்கு நிமிடத்துக்குச் சுமார் 100 காலடி என்பது மிதமான வேகம். பிடித்த பாட்டைப் போட்டுத் தொடையில் தாளம் தட்டுங்கள். 15 விநாடியில் 25 தட்டு வந்தால் அது நடைக்கு ஏற்ற பாட்டு. மூட்டு வலி இருந்தால் 20 தட்டுப் பாட்டு போதும். நான் ராஜா பாட்டுகளில் இப்படி எண்ணி ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன், கேட்டால் தருகிறேன். ரஹ்மான் ரசிகர்கள் கோபிக்க வேண்டாம். அவர் பேஸ்பாலுக்கே இசையமைத்தவர். ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரண்டு இந்திய இளைஞர்கள் 2008ல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி நிறுவனத்தில் ஒப்பந்தமானார்கள். அந்தக் கதையை வைத்து 2014ல் வந்த 'மில்லியன் டாலர் ஆர்ம்' படத்துக்கு இசை ரஹ்மான்தான்.

இனி என் யோசனை. அக்டோபர், நவம்பர், டிசம்பர் சேர்த்து 92 நாள். அதை ஒரு சீசனாக வைத்துக்கொள்வோம். காலடி எண்ணிக்கையைக் குழுவில் போட வேண்டாம். அரை மணி நேரம் நடந்தீர்களா? அன்று 'வெற்றி'. இல்லையா? 'தோல்வி'. வாட்ச் இல்லாதவரும், போன் எடுக்காமல் நடப்பவரும் சேரலாம். பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவை நடந்தாலும் வெற்றிதான். முழங்கால் முடியாதவர்கள் நாற்காலியில் அமர்ந்து செய்யும் பயிற்சியை அரை மணி நேரம் செய்தாலும் வெற்றிதான். டாக்டரைக் கேட்டுக்கொண்டு அவரவர் அளவை அவரவர் வைத்துக்கொள்ளலாம்.

மழை? அது நமக்கு மழைக்காலம்தான். பேஸ்பாலில் மழையால் ஆட்டம் நடக்காவிட்டால் அது தோல்வி ஆகாது. வேறொரு நாளில் இரண்டு ஆட்டமாகச் சேர்த்து ஆடிக்கொள்வார்கள். நாமும் மழை நாளுக்குப் பதிலாக இன்னொரு நாள் காலை ஒன்று, மாலை ஒன்று நடக்கலாம். சியாட்டில் மைதானத்துக்கு இழுத்து மூடும் கூரை உண்டு. நமக்குத் தரைத்தளக் கார் பார்க்கிங் உண்டு. வண்டி வருவதைப் பார்த்து நடந்தால் போதும். ஜுரம் வந்தால் நடக்காதீர்கள். அங்கேயும் காயம்பட்டவர்களுக்கென்று தனிப் பட்டியல் இருக்கிறது. அதில் பெயர் இருப்பவரை யாரும் குறை சொல்வதில்லை.

இப்போது கணக்கைக் கேளுங்கள். 162க்கு 116 என்றால் 92க்கு ஏறக்குறைய 66. மூன்று மாதத்தில் 66 நாள் நடந்தால் நீங்கள் வரலாற்றின் மிகச் சிறந்த அணிக்குச் சமம். வாரத்துக்கு எத்தனை நாள் வருகிறது என்று பார்த்தால் சரியாக ஐந்து. டாக்டர்கள் சொல்லும் அதே 150 நிமிடம். 26 நாள் தோற்கலாம்! கல்யாணம், தீபாவளி, ஊர்ப்பயணம், சோம்பல் எல்லாம் அந்த 26க்குள் அடங்கும். 46 நாள் நடந்தால் பாதி வெற்றி, அதுவும் மரியாதையான சீசன். ஒயிட் சாக்ஸ் அளவுக்கு மோசமாகப் போனாலும் 23 நாள் நடந்திருப்பீர்கள். ஒன்றுமே நடக்காமல் இருந்ததைவிட அது எவ்வளவோ மேல்.

பரிசு முதல் மூவருக்கு மட்டும் வேண்டாம், 66 எட்டிய அத்தனை பேருக்கும் கொடுப்போம் என்பது என் வேண்டுகோள். எல்லோரும் எட்டிவிட்டால் பொருளாளர் கொஞ்சம் சிரமப்படுவார். அந்தச் சிரமம் வரட்டும்.

ஒவ்வொரு பிளாக்கின் லிஃப்ட் பக்கத்திலும் 92 கட்டம் போட்ட தாள் ஒட்ட செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். வீட்டு எண்ணுக்கு எதிரே அன்றைய கட்டத்தில் ஒரு டிக் போடுங்கள். போட்டியை விட்டுப்போனவர்களின் வீட்டுக்கு நானே வந்து கூப்பிடுகிறேன். லிஃப்டில் பேசிய அம்மா வீட்டுக்கு முதலில். அக்டோபர் 1 காலை 7.10, கிளப் ஹவுஸ் வாசல். முதல் ஆட்டம். பேஸ்பால் தெரிந்திருக்க வேண்டியதில்லை, செருப்புக்குப் பதில் ஷூ போட்டு வந்தால் போதும்.

போண்டா இன்னும் சூடாகத்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.