ரோட்டிலும் பாடு உண்டு

(வானொலிப் பண்ணை நிகழ்ச்சியில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



வழக்கமாக விதைநேர்த்தி, உரம், பூச்சி மருந்து என்று பேசுகிற ஆள் இன்றைக்கு ரோட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. நாற்று விட்டு, நட்டு, களை பறித்து, அறுத்து அடித்த நெல் கடைசியில் ரோட்டில்தான் போகிறது. பசியாவரத்தில் ராத்திரியெல்லாம் கண்விழித்துப் பிடித்த இறாலும் நண்டும் பழவேற்காடு கரைக்கு வந்த பிறகு, திருப்பாலைவனம், மெதூர், பொன்னேரி என்று ரோட்டு வழியாகத்தான் சந்தைக்குப் போகணும். தச்சூர் கூட்டு ரோட்டில் ஏறிவிட்டால் சென்னை - கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலை. பழைய 5ஆம் எண் சாலை என்றால் பெரியவர்களுக்குத் தெரியும். 2010இல் எண்களை மாற்றிய பிறகு அது 16ஆம் எண் சாலை. பொருள் நல்ல விலைக்குப் போவது ஒரு பக்கம் இருக்கட்டும், கொண்டுபோன ஆள் முழுசாக வீடு திரும்ப வேண்டும் அல்லவா? அதற்கு இரண்டு விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, ரோட்டில் போட்டிருக்கிற கோடு. இன்னொன்று, ரோட்டோரத்தில் வண்டி நிறுத்துவதற்கென்றே விட்டிருக்கிற ஒதுங்குமிடம். பலகையில் 'லே-பை' என்று எழுதியிருப்பார்கள்.

இந்த இரண்டும் ஏரிக்கரைக்காரர்களுக்குப் புதிய விஷயம் இல்லை. கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடூர் மாதாகுப்பம் மீனவர்களிடம் பாடு முறை தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. தலைக்கட்டுகளுக்குள் சீட்டுப் போட்டு, யாருடைய முறை என்றைக்கு, எந்த இடத்தில் என்று பிரித்துக்கொள்வார்கள். தண்ணீர் மேல் சுவர் கட்டியா வைத்திருக்கிறது? இல்லை. ஆனாலும் ஒருவர் பாட்டில் இன்னொருவர் வலை கட்டுவது இல்லை. கட்டினால் அன்றைக்கே சண்டை, மறுநாள் எல்லோருக்கும் நஷ்டம். அதே மாதிரி படகு வந்து போகிற வழியில் யாரும் நங்கூரம் போட்டுவிட்டுத் தூங்க மாட்டார்கள். ஓய்வு வேண்டுமென்றால் துறைக்கு வருவார்கள்.

ரோட்டில் போட்ட கோடுதான் அங்கே பாடு. ஒதுங்குமிடம்தான் அங்கே துறை. இதை மனசில் வைத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

முதலில் கோட்டைப் பார்ப்போம். சாதாரண இரண்டு தடச் சாலையில் தாரின் அகலம் 7 மீட்டர். நடுவில் கோடு கிழித்தால் ஆளுக்கு மூன்றரை மீட்டர். அதுதான் உங்கள் பாடு. நடுக்கோடு விட்டுவிட்டுப் போட்டிருந்தால், எதிரே வண்டி இல்லை என்று நன்றாகப் பார்த்துக்கொண்டு தாண்டலாம், முந்தலாம். வளைவு நெருங்கும்போது அந்தத் துண்டுக் கோடுகள் நீளமாகி, இடைவெளி குறுகிக்கொண்டே வரும். 'அப்பா, பார்த்துப் போ' என்று ரோடு நமக்குச் சொல்கிறது என்று அர்த்தம். கோடு விடாமல் தொடர்ந்து போனாலோ, இரட்டைக் கோடாக இருந்தாலோ முந்துவதற்காக அதைத் தாண்டக் கூடாது. முன்னால் வளைவோ மேடோ பாலமோ இருக்கிறது, எதிரே வருகிறவன் உங்கள் கண்ணுக்குத் தெரிய மாட்டான் என்பதால்தான் அப்படிப் போட்டிருக்கிறார்கள். ஒரு தொடர் கோடும் ஒரு துண்டுக் கோடும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், துண்டுக் கோடு யார் பக்கம் இருக்கிறதோ அவர் தாண்டலாம். மற்றவர் தாண்டக் கூடாது. தாரின் ஓரத்தில் போகிற வெள்ளைக் கோடு, ஓடுகிற வண்டிக்கான இடம் இத்தோடு சரி என்று காட்டுகிற வரப்பு.

இந்தக் கோடு எப்படி வந்தது என்று கேட்டால் சிரிப்பீர்கள். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் 1911இல் எட்வர்ட் ஹைன்ஸ் என்ற சாலை அதிகாரி நடுக்கோடு போட ஏற்பாடு செய்தார். பால் வண்டி ஒன்று ஒழுகிக்கொண்டே போனதையும், ரோட்டில் வெள்ளைக் கோடு விழுந்ததையும் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை தோன்றியது என்று சொல்வார்கள். ஆக, கோட்டுக்கு வழிகாட்டியது நம்மைப் போன்ற ஒரு பால்காரர் வண்டிதான்!

ராத்திரியில் அந்தக் கோடு பளிச்சென்று தெரிகிறதே, எப்படி? கோட்டுப் பூச்சைச் சூடாக ஊற்றும்போதே அதன் மேல் பொடிப் பொடியான கண்ணாடி மணிகளைத் தூவுகிறார்கள். வண்டி வெளிச்சம் அந்த மணிக்குள் புகுந்து, வந்த வழியிலேயே திரும்பி ஓட்டுகிறவர் கண்ணுக்கு வருகிறது. மழையில் தண்ணீர் மூடினால் கோடு மங்கும். அதனால்தான் சில இடங்களில் மேடாக 'பூனைக்கண்' பதிக்கிறார்கள். அதற்கும் நிறம் வகுத்திருக்கிறார்கள். தடத்தைப் பிரிக்கிற இடத்தில் வெள்ளை, இடது ஓரத்தில் சிவப்பு, ஒதுங்குமிடத்துக்கு நுழைகிற இடத்தில் பச்சை. இருட்டிலும் பச்சையைப் பார்த்தால் 'இங்கே ஒதுங்கலாம்' என்று தெரிந்துகொள்ளலாம்.

சரி, ஒதுங்குமிடம் எதற்கு? கொஞ்ச நேரம் ஓரமாக நிறுத்தினால் என்ன குடி முழுகிப்போகும் என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற லாரி ஒரு வினாடியில் 22 மீட்டர் ஓடுகிறது. முன்னால் ஏதோ நிற்கிறது என்று கண் பார்த்து, புத்திக்கு எட்டி, கால் பிரேக்கை அமுக்க இரண்டரை வினாடி ஆகும் என்று வைத்துக்கொள்கிறார்கள். அதற்குள்ளேயே 55 மீட்டர் போய்விடும். அதன் பிறகுதான் பிரேக் பிடிக்கவே ஆரம்பிக்கும். முழுக்க நிற்க மொத்தம் 120 மீட்டர் வேண்டும் என்பது நம் நாட்டு நெடுஞ்சாலை இன்ஜினியர்களின் கணக்கு. 60 கிலோமீட்டர் வேகத்துக்கே 80 மீட்டர் வேண்டும். ஆனால், எதிர் வண்டிக்காக விளக்கைத் தாழ்த்திப் போட்டால் வெளிச்சம் எவ்வளவு தூரம் விழும்? ஏறத்தாழ 40, 50 மீட்டர்தான். விளக்கு இல்லாமல் தடத்தில் நிற்கிற டிராக்டர் டிரெய்லர் ஓட்டுகிறவர் கண்ணில் படும்போதே காலம் கடந்துவிட்டது. அவர் குடித்திருக்க வேண்டியதில்லை, கண் அயர்ந்திருக்க வேண்டியதில்லை. நல்ல ஓட்டுநரே வந்தாலும் மோதித்தான் தீர்வார்.

அதனால்தான் பெரிய சாலைகளில், ஓடுகிற தடத்தை விட்டு விலகி, லாரிகள் நிற்பதற்குத் தனி இடம் அமைத்திருக்கிறார்கள். பஸ் நிற்பதற்கென்று ரோட்டோரத்தை உள்வாங்கிப் போட்டிருப்பதும் இதே நோக்கத்துக்குத்தான். அங்கே வைக்கோல் கட்டை அடுக்குவதும், மீன் கூடையை இறக்குவதும் கூடாது. இடம் இல்லாமல் பஸ் நடுத்தடத்தில் நிற்கும். இறங்குகிற குழந்தைக்குத்தான் ஆபத்து.

நம் கிளை ரோடுகளில் லாரிக்கென்று ஒதுங்குமிடம் அமைந்திருப்பது அபூர்வம். அங்கே என்ன செய்வது? வயலுக்கு இறங்குகிற பாதை, அரிசி ஆலை வாசல், பெட்ரோல் பங்க் ஓரம் என்று நாலு சக்கரமும் தாரை விட்டு இறங்குகிற மாதிரி ஓர் இடம் பார்த்து நிறுத்துங்கள். வளைவிலும் பாலத்திலும் பஸ் நிறுத்தத்திலும் மட்டும் வேண்டவே வேண்டாம். ஒதுங்கும்போது முன்கூட்டியே கைகாட்டி விளக்கைப் போட்டு மெதுவாக இறங்குங்கள். திரும்ப ஏறும்போது பின்னால் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

வண்டி நடு வழியில் பழுதாகி நகர்த்தவே முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு இண்டிகேட்டரையும் எரிய விடுங்கள். சிவப்பு முக்கோணத்தை எடுத்துக்கொண்டு, டார்ச் விளக்கோடு ரோட்டோரமாகப் பின்பக்கம் நூறு எட்டு, பெரிய சாலையானால் நூற்றைம்பது எட்டு நடந்து வையுங்கள். கல்லும் மரக்கிளையும் வைக்கிற பழக்கத்தை விட்டுவிட வேண்டும். வண்டி போன பிறகும் கல் அங்கேயே கிடக்கும். பைக்கில் வருகிற பையன் அதில் ஏறி விழுவான். இன்னொன்று, பழுது பார்க்கும்போது வண்டிக்குப் பின்னால் கூட்டமாக நிற்காதீர்கள். பின்விளக்கை நீங்களே மறைத்துக்கொள்கிறீர்கள். முதல் அடியும் உங்கள் மேல்தான் விழும். ஆட்கள் எல்லோரும் ரோட்டை விட்டு இறங்கி நிற்க வேண்டும்.

டிரெய்லர் பின்பக்கம் சிவப்பு ஒளிர் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். மாட்டு வண்டிக்கும் ஒட்டுங்கள். வைக்கோல் பாரம் ஏற்றினால் அந்த ஸ்டிக்கர் மறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மூட்டை யூரியா விலைகூட ஆகாது, உயிரைக் காக்கும்.

இப்போது நெல் காயவைக்கிற விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் கசப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தை, மாசியில் ரோட்டில் பாதித் தடத்தை அடைத்து நெல் கொட்டுகிறோம். சுற்றிக் கல் வைக்கிறோம். சாயங்காலம் குவித்துக் கறுப்புத் தார்ப்பாய் போட்டு மூடுகிறோம். கறுப்பு ரோட்டில் கறுப்புக் குவியல்! நான் சொன்ன கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். பதரும் தூசியும் கோட்டின் மேல் படிந்து, அந்தக் கண்ணாடி மணிகளும் குருடாகிவிடுகின்றன. நெல்லுக்காவது நல்லதா? அதுவும் இல்லை. தார் சூட்டில் நெல் வேகமாகக் காய்ந்து அரிசி உள்ளுக்குள்ளேயே கீறிவிடும். மேலே டயர் ஏறினால் கேட்கவே வேண்டாம், ஆலையில் நொய்தான் மிஞ்சும். கொள்முதல் நிலையத்தில் கேட்கிற ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள். வீட்டில் சேமிக்க 14 சதவீதம். களத்தில் மெல்லிசாகப் பரப்பி அடிக்கடி கிளறிவிட்டால் அந்தப் பதம் வந்துவிடும். கருவாடும் அப்படித்தான். ரோட்டோர மணல் ஒட்டிய கருவாட்டைவிட, மூங்கில் பரணில் காய்ந்த கருவாட்டுக்கு நல்ல விலை உண்டு.

'களம் இல்லையே சார், நாங்கள் எங்கே போவது?' என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். அதற்கு கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடுகிறது. 2022இல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய இரண்டு நாட்களையும் சேர்த்திருக்கிறார்கள். ஊருக்கு உலர்களம் வேண்டும், பள்ளிக்கூட வாசலில் அழிந்த கோட்டைத் திரும்பப் போட வேண்டும், பஸ் ஒதுங்க இடம் வேண்டும் என்று தீர்மானம் போட்டு எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும், தீர்மானம் நிற்கும்.

கடைசியாக, விடியற்காலையில் ஐஸ் பெட்டி ஏற்றிக் குட்டி யானை ஓட்டிப் போகிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. ராத்திரி 2 மணியிலிருந்து 5 மணி வரை உடம்பு தூக்கத்தைக் கேட்கிற நேரம். அது இயற்கை, வீம்பு பிடித்து ஜெயிக்க முடியாது. கண் சொருகினால் ஒதுங்குமிடத்தில் நிறுத்தி இருபது நிமிடம் தூங்குங்கள். ஐஸில் இருக்கிற இறால் இருபது நிமிடத்தில் கெட்டுவிடாது. ஏலம் கொஞ்சம் முன்னே பின்னே போகலாம். நாளைக்கும் ஏலம் உண்டு. விபத்தைக் கண்டால் 108க்கு உடனே போன் செய்யுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033.

ஏரியில் அடுத்தவர் பாட்டை மதிக்கிற ஊர் இது. எதிரே வருகிறவர் யாரென்று தெரியாத ரோட்டிலும் அதே மரியாதையைக் காட்டுவோம். ஓடுகிற தடம் ஓடுகிற வண்டிக்கு. நிற்க வேண்டியவர் ஒதுங்கி நிற்போம்.