இதயம் மறுபடி பிரிக்கும் ஏடுகள்

கடல் கடந்தும் ஊர்ப்பெயரை விடாத நம் சங்கத்தின் இந்த அவையில் ரிஷிவந்தியத்தையும் கள்ளக்குறிச்சியையும் கல்வராயன் மலையடிவாரத்தையும் சொந்த ஊராகக் கொண்டவர்கள் இருக்கிறீர்கள். ரிஷிவந்தியம் கோயிலில் லிங்கத்துக்குத் தேனபிஷேகம் நடக்கையில் அம்மையும் அப்பனும் ஓருருவாய்த் தெரிவதாக நம் மக்கள் வணங்குகிறார்கள். மனமும் உடலும் அப்படி ஒன்றாய் இருப்பதை இன்று இதய அறிவியல் மரபணு வரை சென்று காட்டுகிறது. தீராத மனஅழுத்தம் இதயச் செல்லுக்குள் எந்த மரபணு வேலை செய்யும் என்பதை மாற்றக்கூடியது. ஆகவே இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் போல அதையும் கேட்டறிந்து கவனிக்க வேண்டும். இதுவே நான் சொல்ல வந்தது.

ஓர் ஓலைச்சுவடிக் கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் இருப்பது ஒரே சுவடிதான். கல்லீரல் சில ஏடுகளைப் பிரித்துப் படிக்கிறது, இதயம் வேறு சில ஏடுகளை. டி.என்.ஏ. இழை ஹிஸ்டோன் என்ற புரதங்களில் சுற்றிக் கிடக்கிறது. சுற்று தளர்ந்த இடத்தில்தான் படிப்பு நடக்கும். அச்சமோ கவலையோ தாக்கியதும் அட்ரினலின் சுரந்து, இதயச் செல்லின் மேலுள்ள பீட்டா ஏற்பிகளைத் தட்டுகிறது. செல்லுக்குள் கால்சியம் ஏறுகிறது. துடிப்பு வேகம் பிடிக்கிறது. பாம்பைக் கண்டு விலகி ஓடுகிறவருக்கு அது உயிர் காக்கும் ஏற்பாடு, சற்று நேரத்தில் அடங்கிவிடும். மாதக்கணக்கில் அடங்காவிட்டால்தான் கேடு. கால்சியம் உசுப்பிவிடும் ஒரு நொதி, ஏடுகளை இறுக்கிக் கட்டிவைத்திருக்கும் ஹெச்.டி.ஏ.சி. என்ற புரதங்களை உட்கருவை விட்டு வெளியேற்றுகிறது. காவல் நீங்கியதும், தாய்வயிற்றில் இருந்தபோது படித்துக் கட்டிவைத்த ஏடுகளை இதயம் மறுபடி பிரிக்கிறது. வேகமாகச் சுருங்கும் தசைப்புரதம் குறைந்து மெதுவான வகை கூடுகிறது. தசை தடிக்கிறது, பிறகு தளர்கிறது. மூச்சிரைப்போடு வருபவருக்கு மருத்துவமனையில் எடுக்கும் பி.என்.பி. இரத்தப் பரிசோதனை, இப்படி விழித்துக்கொண்ட மரபணு ஒன்றின் விளைபொருளைத்தான் அளக்கிறது.

இதெல்லாம் எலியிலும் ஆய்வகத் தட்டிலும் கண்டதுதானே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, இந்தச் சங்கிலியின் பல கண்ணிகள் அங்கேதான் கண்டறியப்பட்டன. ஆனால் மனித இதயத்திலிருந்தும் சான்று உண்டு. இதயத்தசை தளர்ந்த நோயாளிகளின் இதயத்திலிருந்தே சிறு துணுக்குகளை எடுத்துச் சோதித்த ஆய்வு ஒன்று 2002இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது. அட்ரினலினின் தட்டலைத் தடுக்கும் பீட்டா தடுப்பு மருந்தால் இதயம் தேறியவர்களிடம் வேகமான தசைப்புரதத்தின் மரபணு மீண்டும் எழுந்தது, மெதுவானது தணிந்தது. பிரித்த ஏட்டைத் திரும்பக் கட்ட முடியும் என்று இதற்குப் பொருள். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் நம்பிக்கை தருவது இதுதான். மக்கள்தொகை அளவில் பார்த்தால், கேரளத்தில் பிறந்த சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளிவந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், ஓயாத மனஅழுத்தத்தில் இருந்தவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. 1994 ஜனவரி 17 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் பகுதி நிலநடுக்கத்தில் குலுங்கியபோது, நாளொன்றுக்கு ஐந்துக்கும் குறைவாக இருந்த திடீர் இதய மரணங்கள் அன்று மட்டும் 24.

அடுத்து வருவது பரம்பரைப் பேச்சு: அப்பாவுக்கு வந்தது, எனக்கும் வரும். மரபுக்குப் பங்கு உண்டு. இதயத்தசையின் ஒரு புரதத்துக்கான எம்.ஒய்.பி.பி.சி.3 மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட மாற்றம், இந்தியத் துணைக்கண்டத்தவரில் நூற்றுக்கு நால்வரிடம் இருப்பதை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தண்டபாணியும் ஐதராபாத்தின் தங்கராஜும் உள்ளிட்ட குழுவினர் 2009இல் உலகுக்கு அறிவித்தார்கள். அது இதயத் தளர்ச்சிக்கான வாய்ப்பைப் பெருக்குகிறது. ஆனாலும் அதைச் சுமக்கும் பலர் நடுவயது வரை எந்தத் தொல்லையும் இல்லாமல் வாழ்கிறார்கள். சுவடியில் பிழை இருக்கலாம். அந்தப் பிழை எப்போது, எவ்வளவு வெளிப்படும் என்பதில் இரத்த அழுத்தத்துக்கும் புகையிலைக்கும் வாழ்க்கைச் சுமைக்கும் இடமிருக்கிறது.

பாட்டன் காலத்தில் இல்லாத கஷ்டமா என்பார்கள். அன்று காலராவும் காய்ச்சலும் மாரடைப்பு வரும் வயதை எட்டவிடாமல் பலரைக் கொண்டுபோயின. எட்டியவர்கள் நெஞ்சுவலியில் போனாலும் குறித்துவைக்க ஆளில்லை. சுமையின் தன்மையும் மாறியிருக்கிறது. மழை பொய்த்தால் ஊரே சேர்ந்து வாடும், அடுத்த மழையில் சேர்ந்து நிமிரும். குழுக்கடன் தவணையோ வாரந்தோறும் வாசலில் வந்து நிற்கிறது, ஒரு வீட்டை மட்டும் குறிவைத்து. அடங்க நேரமில்லாத அழுத்தம் என்று முன்னே சொன்னது இதைத்தான். இழப்பின் துயரமும் அப்படித்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. இழப்பின் எண்ணிக்கை அதோடு நின்றுவிட்டது. எஞ்சிய மனைவியரும் பெற்றோரும் சுமக்கும் துயரம் அவர்கள் இதயத்தில் என்ன செய்கிறது என்பதை எந்தப் பதிவேடும் எழுதவில்லை. அதை வெறும் சோகம் என்று ஒதுக்குவது மருத்துவப் பிழை என்றே கருதுகிறேன்.

மனஅழுத்தத்தைப் பேசினால் புகையிலையையும் உப்பையும் மறந்துவிடுவோம் என்ற அச்சம் தேவையில்லை. கவலை மிகுந்தவரே அதிகம் புகைக்கிறார், மாத்திரையைத் தவறவிடுகிறார். தைரியமாக இரு என்று சொல்வதும் சிகிச்சை ஆகாது. கடன் நெருக்கடி குறைவதும், தூக்கம் திரும்புவதும், பேச ஒருவர் கிடைப்பதும், தேவைப்பட்டால் மருந்தும்தான் சிகிச்சை.

ஆகவே இந்தச் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். ரிஷிவந்தியம் பக்கத்திலும் கல்வராயன் மலைக் கிராமங்களிலும் மருத்துவ முகாம் நடத்த நீங்கள் பணம் அனுப்பினால், இரத்த அழுத்தம் பார்க்கும் மேசைக்குப் பக்கத்தில் மனநல ஆலோசகர் ஒருவருக்கும் நாற்காலி போடச் சொல்லுங்கள். ஊரில் தனியாக இருக்கும் அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, மாத்திரை போட்டாயா என்பதோடு, ராத்திரி தூக்கம் வருகிறதா என்றும் கேளுங்கள். வரவில்லை என்றால் அவர் அழைக்க எண் ஒன்று உண்டு: 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். கட்டணம் இல்லை, தமிழில் பேசுவார்கள்.