குரூப் சேராத கல்லீரல்



1998 நவம்பரில் காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்றுக்கு, டெல்லி அப்போலோ மருத்துவமனையில் அப்பாவின் கல்லீரலிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பொருத்தினார்கள். இந்தியாவில் வெற்றி பெற்ற முதல் கல்லீரல் மாற்று அதுதான். இரண்டு வயது நிரம்பாத அந்தக் குழந்தை பின்னாளில் டாக்டராகவே ஆனது.

கொடுப்பவருக்கு மனம் இருக்கிறது, உறவும் இருக்கிறது, ரத்த குரூப் மட்டும் சேரவில்லை என்றால்?

ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத் தொழிலாளி என்று வைத்துக்கொள்வோம். கல்லீரல் தேவைப்படும் அவர் ஓ குரூப், கொடுக்க முன்வரும் மனைவி ஏ குரூப். ஓ குரூப்காரர் யாருக்கும் கொடுக்கலாம். வாங்குவதென்றால் இன்னொரு ஓ-விடம்தான் வாங்க வேண்டும். அவர் ரத்தத்தில் ஏ-க்கும் பி-க்கும் எதிரான பொருள்கள் பிறந்த சில மாதங்களிலேயே ஊறிவிடுகின்றன. மனைவியின் கல்லீரலை வைத்தால், அதன் ரத்தக் குழாய்களையும் பித்தக் குழாய்களையும் அவை தாக்கும். பாசிட்டிவ், நெகட்டிவ் என்கிறோமே, அது கல்லீரல் விஷயத்தில் தடையாவதில்லை. இதற்காகவே பயந்து ஒதுங்குகிறவர்கள் உண்டு.

இந்தத் தடையைத் தாண்ட வழிகாட்டியவர்களில் முக்கியமானவர்கள் ஜப்பானியர். அங்கே மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகள் அரிதாகவே கிடைத்தன. வீட்டு மனிதர்களை விட்டால் ஆளில்லை. 2000-க்குப் பிறகு ரிட்டுக்சிமாப் என்ற ஊசி கைகொடுத்தது. அறுவை சிகிச்சைக்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே அதைப் போட்டால், எதிர்ப்பொருளைத் தயாரிக்கும் அணுக்கள் புதிதாக உருவாவது குறைகிறது. ஏற்கெனவே ரத்தத்தில் இருப்பதை, பிளாஸ்மாவைப் பிரித்தெடுத்து மாற்றிக் குறைக்கிறார்கள். எதிர்ப்பொருள் போதிய அளவு இறங்கியதும் அறுவை. சென்னையிலும் இது நடக்கிறது. கைக்குழந்தைகளுக்கு எதிர்ப்பொருள் குறைவு என்பதால் பல நேரம் இவ்வளவு பாடு தேவைப்படாது.

இன்னொரு வழி, இரண்டு குடும்பங்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்வது. 2011-ல் திருத்தப்பட்ட சட்டம் இதை அனுமதிக்கிறது. ஏ, பி குடும்பங்களுக்கு நல்ல வழி. நம் ஓ குரூப்காரருக்கு இது அவ்வளவாக உதவாது. வீட்டிலேயே ஓ குரூப் கொடையாளி இருக்கும் குடும்பம் எதற்காக மாற்றிக்கொள்ள வரும்? எல்லாருக்கும் கொடுக்கக்கூடியவர் வாங்கும்போது தனித்து நிற்கிறார். குரூப் சேராமலே வைக்கும் இந்த முறை அவருக்குத்தான் பெரிய ஆறுதல் என்பது என் எண்ணம்.

இதில் ஆபத்து இல்லாமலில்லை. பித்தக் குழாய்கள் பின்னால் சுருங்கலாம், தொற்று எளிதில் பிடிக்கலாம். திடீரென்று கல்லீரல் செயலிழந்தவருக்கு மூன்று வாரம் காத்திருக்க நேரமிருக்காது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் கல்லீரல் மாற்று உண்டு. இந்தக் கூடுதல் மருந்துகளும் அதில் அடங்குமா என்று முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

ஏற்காட்டு மலைவாசிகளுக்குத் தனியாக ஒன்று. அறுவை முடிந்து வீடு திரும்பியவர் தோட்டத்து மண்ணில் வெறுங்கையோடு இறங்கக் கூடாது. காய்ச்சல் வந்தால் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு பொழுது விடியட்டும் என்று படுக்காமல், இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி அன்றைக்கே சேலத்தில் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்.