கணக்குக் கேட்கப் பெண்கள் வரட்டும்

(சங்கத்தின் மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பெண் படித்தால் டீச்சர், நர்ஸ். அதற்கு மேல் என்ன என்று நம் குடும்பங்களில் கேட்கிறோம். நாங்கள் இன்னொரு வேலையைச் சொல்ல வந்திருக்கிறோம். அது ஆயுத ஒழிப்பு வேலை.

ஊர்வலமும் கோஷமும் மட்டும் ஆயுதத்தை ஒழித்துவிடாது. கணக்கு வேண்டும், சாட்சியம் வேண்டும். 1958-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் குழந்தைகளின் விழுந்த பால் பற்களைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். லூயிஸ் ரைஸ் என்ற பெண் மருத்துவர் முன்னின்றார். தாய்மார்கள் பற்களை அனுப்பினார்கள். அணுகுண்டுச் சோதனையின் நஞ்சு புல்லில் விழுந்து, பால் வழியாகப் பிள்ளைகளின் பல்லில் ஏறியிருந்தது ஆய்வில் தெரிந்தது. 1963-இல் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் பிரிட்டனும் வான்வெளிச் சோதனையை நிறுத்த ஒப்பந்தம் செய்தன. அதற்கு வலுச் சேர்த்த சாட்சியங்களில் அந்தப் பற்களும் உண்டு.

1997-இல் இரசாயன ஆயுதத் தடை உடன்படிக்கை அமலுக்கு வந்தது. நம் நாடு தன் கையிருப்பை ஒப்புக்கொண்டு, 2009-க்குள் அழித்து முடித்தது. ஒரு நாடு சொன்னால் போதாது; இருப்பும் ஏடும் பொருந்துகிறதா என்று பார்க்கத் திஹேக் நகரத் தலைமையகத்திலிருந்து ஆய்வாளர்கள் வருகிறார்கள். ரயில்வே குமாஸ்தாக்களான எங்களுக்குப் பழக்கமான வேலைதான் இது; பொருள்தான் வேறு. கெமிஸ்ட்ரி படித்த பெண்ணால் இதைச் செய்ய முடியாதா?

1996-இல் ஜெனீவாவில், அணுச் சோதனைத் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திட மாட்டோம் என்று வல்லரசுகளின் முகத்துக்கு நேரே சொன்ன இந்தியத் தூதர் அருந்ததி கோஷ் ஒரு பெண். தங்கள் குண்டுகளை என்றைக்கு ஒழிப்பார்கள் என்று வல்லரசுகள் தேதி சொல்லவில்லை என்பது இந்தியாவின் வாதம். ஆனால் 1998-இல் நம் அரசே பொக்ரானில் குண்டு வெடித்தது. அடுத்தவனிடம் கேட்ட கணக்கை நம் அரசிடமும் கேட்க ஆள் வேண்டாமா?

தங்கைகளே, வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் இங்கிலீஷ் என்று பிழைக்க வந்த இடத்தில் மூன்று மொழி கற்றீர்கள். பல நாட்டாரோடு பேசி முடிக்கும் வேலைக்கு அது முதல். அதோடு இயற்பியலோ வேதியியலோ சட்டமோ படியுங்கள்.

பெற்றோர்களே, பத்தாவது முடிந்ததும் மகளை நிறுத்தாதீர்கள். கல்லூரி விண்ணப்பமா, உதவித்தொகை மனுவா? சங்கத்துக்கு வாருங்கள், எழுதித் தர நாங்கள் இருக்கிறோம். பெண்ணை அனுப்ப வேண்டியது நீங்கள்.