விளக்கும் மெருகும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

சாணைப் பொறியைக் கொண்டு இல்லத்திலேயே பித்தளையும் மரமும் மெருகூட்டுவது எங்ஙனம் என்று பேசுமாறு செயலாளர் எம்மைப் பணித்தார். கிரைண்டர் என்றவுடன் தாய்மார்கள் இட்டிலி மாவை எண்ணிவிட்டனர் போலும்! யாம் கூறுவது மேசைமீது பூட்டிக் கத்திக்குச் சாணை பிடிக்கும் பொறியை. இரயில்வே அலுவலகத்தில் கோப்புப் புரட்டும் எழுத்தர் யாம். பட்டறைத் தொழில் பயின்றோமல்லோம். ஒர்க்‌ஷாப்பில் பிட்டராயிருக்கும் அண்டை வீட்டு அன்பரிடம் கேட்டதும், கை சுட்டு அறிந்ததுமே எம் மூலதனம்.

முதற்கண் வேகத்தை அறிதல் வேண்டும். இப்பொறி பெரும்பாலும் நிமிடத்திற்கு 2,800 சுற்றுக்கு மேல் ஓடுவது. 6 அங்குலச் சக்கரமாயின் அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் விரைகின்றது. ஓடும் வண்டியில் கை நீட்டலாகாது என்பதை நம் காலனியில் எவருக்கும் சொல்ல வேண்டுவதில்லை. வேட்டி நுனி, சேலைத் தலைப்பு, கழுத்துச் சங்கிலி யாவும் பகை. கையுறையும் பகையே, துணி சிக்கினால் விரலையும் உடன் இழுக்கும். கண்ணாடியும் முகமூடியும் இன்றியமையாதன.

பித்தளையைச் சாணைக்கல்லில் வைத்தலாகாது. மென்மையான உலோகம் கல்லின் துளைகளை அடைத்துவிடும். மின்செருகியைப் பிடுங்கியபின் கல்லைக் கழற்றிப் பருத்தித் துணிச் சக்கரத்தைப் பூட்டுக. இடப்பக்கத்து மரை எதிர்ப்புரியில் அமைந்தது; வலமாகத் திருப்பினாலன்றிக் கழலாது. இதனை அறியாது ஒரு ஞாயிறு முழுதும் அதனோடு மல்லுக்கு நின்றோம்!

முதலில் பழுப்பு நிற டிரிப்போலிக் கட்டி. பின்னர் வேறொரு சக்கரத்தில் செந்நிற ரூஜ். இரண்டையும் ஒரே சக்கரத்தில் கலத்தல் கூடாது. விளக்கை, நம்மை நோக்கிய பக்கத்தில், சக்கரத்தின் மையத்துக்குச் சற்றுக் கீழே பிடித்தல் வேண்டும். கை நழுவினாலும் அது கீழ்நோக்கியே வீசப்படும். கூரிய விளிம்பு சக்கரத்தை எதிர்கொள்ளலாகாது.

மரத்திற்கோ இவ்வேகம் மிகை, அழுத்தினால் கருகும். பித்தளைக்குப் பயன்பட்ட சக்கரம் மரத்தில் கறுப்பேற்றும். புதிய, தளர்ந்த துணிச் சக்கரத்தில் கார்னோபா மெழுகிட்டுப் பட்டும் படாமலும் காட்டுக. பல்லாங்குழிப் பலகையின் மேற்புறம் அழகாக வரும். குழிகளுக்குக் கையே கதி.

இனிக் கூறுவது எம் பிழை. 1974இல் மணமாகி வந்தபோது எம் அன்னையார் கொணர்ந்த பித்தளைச் செம்பு ஒன்று உண்டு. அதன் கழுத்தில் அவர் பெயரும் ஊரும் புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருந்தன. கருமை நீங்கட்டும் என்று அதனைச் சக்கரத்தில் பிடித்தோம். பொன்போல் ஒளிர்ந்தது. துடைத்துப் பார்த்தால் பெயரைக் காணோம். ஊரின் கடைசி இரண்டு எழுத்துகள் மங்கலாக எஞ்சின. “புதுச் செம்பு மாதிரி ஆகிவிட்டதடா” என்றார் அன்னையார். அவர் விரல் மட்டும் அந்தக் கழுத்தைத் தடவிக்கொண்டேயிருந்தது.

புளி கருமையைக் கரைக்கும். சக்கரமோ உலோகத்தையே அரிக்கும். இவ்வேறுபாட்டை அன்று அறிந்திலோம்.

கார்த்திகைக்கு முன் வரும் ஞாயிறுகளில் எம் பின்கட்டில் பொறி ஓடும். விளக்குகளைக் கொணர்க. முலாம் பூசியவை வேண்டா. பெயர் வெட்டிய பாத்திரங்களை வீட்டிலேயே வைத்துவிட்டு வருக.