தெருவிளக்கும் கதிர் வாங்காத நெல்லும்

இந்த எபிசோட்ல கோடிங் இல்லை, வயல். ஆனாலும் இது ஒரு டீபக்கிங் கதைதான்.

தஞ்சாவூர் பக்கம் ரோட்டோரத்துல எங்க மாமாவுக்கு மூணு மா நிலம் இருக்கு. மாப்பிள்ளைச் சம்பா போடுவார். மார்கழியில போன் பண்ணினார். "மாப்ள, வயலெல்லாம் கதிர் வாங்கிடுச்சு. ரோட்டோரம் ஒரு திட்டு மட்டும் பச்சையாவே நிக்குது. விதையில கலப்படம் பண்ணிட்டானுங்க போல."

பொங்கலுக்குப் போனப்ப பார்த்தேன். பயிர் நோஞ்சானா இல்ல. நல்லா வளர்ந்து, கரும்பச்சையா இருக்கு. கதிர் மட்டும் இல்ல. அந்தத் திட்டு அரைவட்டமா இருந்துச்சு. விதைக் கலப்படம்னா வயல் முழுக்கச் சிதறித்தானே இருக்கணும்? அரைவட்டத்தோட நடுவுல நின்னு நிமிர்ந்தா, ஆடியில புதுசா போட்ட எல்இடி தெருவிளக்கு.

ஒரு சிக்கல். அதே வெளிச்சம் பக்கத்து வயல்லயும் விழுது. அங்க போட்டிருந்த குறுகிய கால ரகம் ஒழுங்கா கதிர் வாங்கி முத்திடுச்சு. அப்போ விளக்கு மட்டும் காரணமில்ல. விளக்கும் ரகமும் சேர்ந்துதான்.

பகல் நீளத்தைப் பொறுத்துச் செடிகள் பூக்கும் என்பதை 1920-ல் அமெரிக்காவின் கார்னர், அல்லார்ட் இருவரும் எழுதினார்கள். 1938-ல் ஹாம்னர், பானர் என்ற இருவர் ஒரு களைச்செடியை வைத்து அடுத்த கேள்வியைக் கேட்டார்கள். பகலுக்கு நடுவுல கொஞ்ச நேரம் இருட்டாக்கினா பூப்பது நிற்கல. நீண்ட இரவுக்கு நடுவுல கொஞ்ச நேரம் வெளிச்சம் காட்டினா நின்னுடுச்சு. அதாவது, செடி அளக்கிறது பகலை இல்ல, இடைவிடாத இரவை.

நெல்லும் அந்த வகைதான். இலையில இருக்கிற பைட்டோகுரோம் என்ற நிறமி வெளிச்சத்தை உணரும். இரவு போதுமான அளவு நீண்டதும், இலையில ஒரு புரதம் உருவாகி வளரும் நுனிக்குப் போகும். "இலை போட்டது போதும், கதிரை ஆரம்பி" என்பதுதான் அது கொண்டுபோகிற செய்தி. நெல்லில் அந்தப் புரதம் எச்டி3ஏ என்று 2007-ல் ஜப்பான் விஞ்ஞானிகள் காட்டினார்கள். எங்க மாமா வயல்ல அந்தத் திட்டுக்கு இரவே வரல. அதனால செய்தியும் போகல.

தஞ்சாவூர்ல ஜூன் பகலுக்கும் டிசம்பர் பகலுக்கும் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் வித்தியாசம். அவ்வளவு சின்ன மாற்றத்தை ஏன் கவனிக்கணும்? வடகிழக்குப் பருவமழைக்காக. கொட்டுற மழையில பூத்தா மகரந்தம் வீணாகி, நெல் பதராயிடும். தண்ணி வரலைன்னு விதைப்பு இருபது நாள் தள்ளிப்போனாலும், பழைய சம்பா பெரும்பாலும் அதே காலத்துலதான் பூக்கும். நாம எப்ப விதைச்சோம்னு பார்க்காம, இரவைப் பார்த்து முடிவெடுக்குது.

1966-ல் வந்த ஐஆர்8 போன்ற ரகங்களில் இந்த உணர்வு மிகக் குறைவு. எந்தப் பருவத்துல நட்டாலும் கிட்டத்தட்ட அத்தனை நாளில் அறுவடை. வருஷத்துக்கு இரண்டு, மூன்று போகம் எடுக்க அது உதவியது. பக்கத்து வயல் தப்பிச்சதும் அதனாலதான்.

மாமா வயலுக்கு அறுவடை மெஷின் வந்தப்ப அந்தத் திட்டு பச்சையாவே நின்னுச்சு. அதுக்காக மெஷினை இன்னொரு தடவை கூப்பிட முடியாது. அறுத்து மாட்டுக்குப் போட்டார். அரை மா நெல் போச்சு.

"விளக்கை எடுக்கச் சொல்லி மனு எழுதட்டுமா?"ன்னு கேட்டேன். அத்தை உடனே சொன்னாங்க: "எடுத்துடாதீங்கப்பா. கடைசி பஸ்ல வர்ற பொண்ணுங்க அந்த வெளிச்சத்துலதான் நடந்து வருதுங்க."

அதனால மனுவை மாத்தி எழுதினோம். விளக்கு இருக்கட்டும், வயல் பக்கம் மட்டும் ஒரு தகடு வச்சு மறைங்கன்னு. இன்னும் பதில் வரல. தகடு வர்ற வரைக்கும் அந்த அரை மாவுல குறுகிய கால ரகம் போடுறதா மாமா முடிவு பண்ணியிருக்கார்.

உங்க ஊர்லயும் விளக்குக்குப் பக்கத்துல கதிர் வாங்காத திட்டு இருந்தா, விதைக்காரரைத் திட்டுறதுக்கு முன்னாடி ராத்திரி ஒரு தடவை வயல்ல போய் நின்னு பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.