கல்வெட்டும் சுருக்கமும்
(சோழபுரத்தில் நிகழ்த்திய உரை)



இராசபாளையத்திற்கும் திருவில்லிபுத்தூருக்கும் அண்மையிலுள்ள இவ்வூர், பாண்டிய மண்ணில் இருந்தும் சோழன் பெயரைத் தாங்குகின்றது. சோழர் பாண்டிய நாட்டை வென்று 'இராசராசப் பாண்டிநாடு' எனப் பெயரிட்டாண்டது வரலாறு. ஆயினும், பெயர் ஒன்றையே பற்றி ஊரின் வரலாற்றைச் சொல்லிவிட முடியாது. அதற்குக் கல்வெட்டைப் படித்தல் வேண்டும். படித்ததைப் பிழையின்றிச் சுருக்கவும் தெரிதல் வேண்டும்.

சொல்லுக்கு அக்காலப் பொருள் காண்பதே முதற்பணி. 'இறையிலி' என்பதைக் கடவுள் மறுப்பென இன்று ஒருவர் கருதிவிடக் கூடும். இறை என்பது வரி; இறையிலி, வரி நீக்கிய நிலம். கோயிலுக்கு விட்ட நிலமும் இறையிலியே! 'நகரம்' வணிகர் அவை. 'குடும்பு' ஊரின் ஒரு பகுதி.

ஆண்டிலும் விழிப்பு வேண்டும். பாண்டியர் கல்வெட்டில் 'நான்காவதின் எதிர் ஏழாமாண்டு' என்பது போல் வரும். இரண்டையுங் கூட்டிப் பதினோராம் ஆட்சியாண்டு எனக் கொள்வதே வழக்கு. ஒன்றை விட்டால் கணக்கே பிழைக்கும்.

இனி, மேடைதோறும் முழங்கும் உத்தரமேரூரைப் பார்ப்போம். முதற் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் அவை; கி.பி. 919, 921. "ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே தமிழர் வாக்களித்து மக்களாட்சி நடத்தினர்" என்பது அவற்றின் சுருக்கமாக உலவுகின்றது. கல்லோ வேறு சொல்கின்றது. முப்பது குடும்புகளிலும் தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். வாக்கு எண்ணப்படவில்லை. வரி செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். அகவை முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள் வேண்டும். வேதக் கல்வியும் வேண்டும். அது பார்ப்பனர் ஊரவை. ஏரோட்டிய உழவனுக்கு அக்குடத்தில் ஓலையில்லை. கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் விலக்கிய விதி போற்றத்தக்கது. அதை இன்றைய ஆட்சியாளர்க்கும் படித்துக் காட்டலாம். ஆனால், இனிப்பை எடுத்துக் கசப்பை உமிழ்ந்த சுருக்கம் தமிழுக்குப் பெருமை சேர்க்காது. பகைவன் கல்லைக் காட்டி மறுத்தால் விடையென்ன?

சுருக்குவோன் எதை விடுகின்றானோ, அது படிப்போர்க்கு இல்லாமலே போகின்றது. வெள்ளையராட்சியில், 1886இல் உல்ட்சு என்னும் செருமானியர் கல்வெட்டுப் பணிக்கு அமர்த்தப்பட்டார். அதன்பின் வந்த ஆண்டறிக்கைகளில் தமிழ்க் கல்லின் செய்தி ஓரிரு வரி ஆங்கிலமாகச் சுருங்கியது. மூலத்தைப் பார்க்க விரும்பிய தமிழன், படிகள் மைசூரில் இருந்தமையால் அங்குச் செல்ல நேர்ந்தது. தமிழ்ப் படிகளைச் சென்னைக்கு மாற்றுமாறு உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டது 2021இல்தான்.

கோயிற் சுவரில் எழுத்தைக் கண்டால், முதலில் வரிக்கு வரி உள்ளவாறே படியெடுங்கள். சிதைந்த இடத்தில் புள்ளியிடுங்கள்; ஊகித்து நிரப்பாதீர்கள். மெய்க்கீர்த்தியைத் தனியே பிரித்து, கொடுத்தவர் யார், பெற்றவர் யார், எவ்வளவு நிலம், என்ன கட்டளை என்பவற்றை எழுதுங்கள். சுண்ணாம்பு பூசுவோர் வருமுன் எழுதிவிடுங்கள்.